நீளக் கோடு, குறுக்குக் கோடு

பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவாட்டர்ஸ்
12 பிப்ரவரி 1934

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் வயிறும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை மாரிஸும் சம்பந்தியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நேற்றுப் பூசையில் நடந்ததை வேறு யாராவது உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். காணிக்கைத் தட்டு என் பெஞ்சுக்கு வந்தது. காசு போடக் குனிந்தேன். வயிற்றுக்கு நேரே இருக்கும் பொத்தான் பல நாளாகப் பொறுமையாக இருந்தது, நேற்று அதன் பொறுமை போய்விட்டது. தெறித்துத் தட்டிலேயே போய் விழுந்தது, சத்தத்தோடு. தட்டு பிடித்திருந்த லியனார்ட் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்ல லா அண்ணே, ஆண்டவர் எதக் குடுத்தாலும் வாங்கிக்குவாரு" என்று காதோடு சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். பூசை முடியும்வரை தொப்பியை வயிற்றில் வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்தியில் நெஞ்சைப் பிடித்திருக்கிறேன் என்று பின்னால் இருந்த சிஸ்டர்மார் நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளை எழுதிய சேதி கிடைத்தது. மூன்றாம் மாதம் என்றதும் முதலில் சந்தோஷம், பிறகு பயம். முந்தின இரண்டு தடவையும் நீ பட்டது போதும். லேடி டாக்டர் சொன்னபடி படுக்கையை விட்டு இறங்காதே. முக்கியமாக ரயில் ஏறாதே. என்னைப் பார்க்க வர வேண்டாம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்.

கை சும்மா இருக்காது என்றால் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு. காலால் மிதிக்கிற மெஷினில் வேண்டாம், கையால். பொத்தானைக் கம்பி போட்டுக் கட்டு.

ஜெபத்தில் உன்னை வைத்திருக்கும் அப்பா,
வாலண்டைன்

*

கிள்ளான்
19 பிப்ரவரி 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருப்பது தலையணையால்தான், வேறொன்றும் இல்லை. எல்லோரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்களிடம் அதைக் கேட்பதே தப்பு. நிறுத்துகிறீர்களா என்று கேட்க வேண்டும்.

பொத்தான் கதையைப் படித்து நான் சிரித்ததில் அத்தை பயந்துவிட்டார்கள். "சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியே" என்றேன். "எல்லாத்தையும் அவங்களேவா சொல்லணும்" என்றார்கள்.

சட்டை தைக்கிறேன். ஆனால் துணி நான் சொல்கிறபடி இருக்க வேண்டும். கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் பெர்னடெட் சொல்லிக் கொடுத்தது இது. பருத்தவர்கள் மேலிருந்து கீழே ஓடும் நீளக் கோடு போட்ட துணிதான் உடுத்த வேண்டும். பார்க்கிறவர் கண் கோட்டோடு மேலும் கீழும் போகும், பக்கத்தில் பரவாது. ஆள் உயரமாக, ஒல்லியாகத் தெரிவார். கோடு மெல்லிசாகவும் நெருக்கமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. குறுக்குக் கோடு இதற்கு நேர் எதிர், ஒல்லிப் பிச்சானைக்கூட அகலமாகக் காட்டும். நீங்கள் இத்தனை வருஷமாகப் பெரிய பெரிய கட்டம் போட்ட துணியாகப் பார்த்து வாங்கி வந்தீர்கள். பூசைக்கு ஒரு சதுரங்கப் பலகை நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஒரு கயிறு எடுத்துக் கழுத்து, மார்பு, வயிறு, கை நீளம் எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டுத் துணியோடு அனுப்புங்கள். ரயில் கார்டு நாகையா மாமா கிள்ளான் வண்டியில் வரும்போது கொண்டுவரட்டும். பார்சல் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி நீங்களே காசு கட்டாமல் பார்சல் அனுப்புகிறீர்கள் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆசீர்வாதம் வேண்டும் மகள்,
உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
5 மார்ச் 1934

அன்பு மகள் உர்சுவுக்கு,

நானும் வயிறும் சுகம். தபசுகாலம், உபவாசம் என்பதால் வயிறு கொஞ்சம் மனஸ்தாபத்தில் இருக்கிறது. உன் உடம்பு எப்படி, கால் வீக்கம் உண்டா, எழுது.

துணி அனுப்பியிருக்கிறேன். பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எதைக் காட்டினாலும் கோடு மெல்லிசு, துணியும் மெல்லிசு, ஒரு வெயில் தாங்காது. கடைசிக் கடையில் ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்தார்கள். வெள்ளையில் நீலக் கோடு, நேராக, ரயில் தண்டவாளம் மாதிரி. துணி தோல் போல அழுத்தம். பொத்தான் தெறித்தாலும் துணி கிழியாது. "எத்தனைக்கு வேணும் அண்ணே, ஒண்ணுக்கா ரெண்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுக்குத்தான் என்றேன். "பெரியவங்களுக்கா?" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே இதையும் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம்.

கயிறும் இருக்கிறது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் வீட்டுக்காரர்தான் அளவு எடுத்தார். வயிற்றைச் சுற்றி வர அவர் கை எட்டவில்லை. கயிற்றின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு என்னைச் சுற்றி நடந்து வந்தார்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா

*

கிள்ளான்
17 மார்ச் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். வீக்கம் இல்லை. நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

அப்பா, அது மெத்தைக்குப் போடும் துணி. அதனால்தான் கடைக்காரர் ஒன்றா இரண்டா என்று கேட்டிருக்கிறார். உங்கள் மாப்பிள்ளை அதைத் தரையில் விரித்து, மேலே படுத்துப் பார்த்து, "மாமாவுக்கு நல்ல கை, நல்லாத்தான் பார்த்து வாங்கியிருக்காரு" என்றார். அத்தை, "ஒன் நாத்தனார் யாருக்காச்சும் பாவாட தெச்சுக்க அனுப்பலாமே" என்றார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு சின்ன மெத்தை தைக்கச் சரியாக இருக்கும். பிறக்கும் முன் தைக்கக் கூடாது என்கிறார்கள், அதனால் வெட்டாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சட்டைத் துணியை இங்கே கிள்ளானிலேயே இவரை விட்டு வாங்கித் தைத்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு. கயிற்றின் அளவுக்கு மேல் சுற்றிலும் நாலு விரல் கூடுதலாக விட்டிருக்கிறேன், உட்கார்ந்து எழுந்தால் பொத்தானுக்குச் சிரமம் இல்லாமல். உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காணிக்கைத் தட்டு வரும்போது துணிந்து குனியலாம்.

மகள்,
உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
23 ஏப்ரல் 1934

அன்பு மகளுக்கு,

நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் பேனாவைவிடப் பாய்தான் கைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

உன் சட்டையின் மகிமையைச் சொல்கிறேன். உயிர்த்த ஞாயிறன்று போட்டதும் லியனார்ட், "என்னா அண்ணே, ஒரு சுத்து கொறஞ்சிட்டீங்க" என்றார். மகள் தைத்த சட்டை, நீளக் கோடு என்று சிஸ்டர் பெர்னடெட்டின் பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். மறு வாரம் பங்குச் சாமியாரே கேட்டார். இப்போது பார்சல் ஆபீசிலும் அதே பேச்சு. "சட்டைக்குள்ள ஆள் இருக்காரா லா, இல்ல சட்டையே வேலைக்கு வந்திடுச்சா?" என்று நாகையா கேட்கிறார். முன்பெல்லாம் பார்சல் தராசில் நான் ஏறினால் இவர்கள் எல்லோரும் வந்து நின்று பந்தயம் கட்டுவார்கள். இப்போது கூப்பிட்டாலும் நான் ஏறுவதில்லை. சட்டையின் மரியாதையைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா.

இந்த வருஷம் வெயில் அதிகம். என் மேசையைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டேன். நீ நன்றாகச் சாப்பிடு.

அப்பா

*

பிரிக்பீல்ட்ஸ்
7 மே 1934

அன்புள்ள மாப்பிள்ளை மாரிஸ் அவர்களுக்கு, வாலண்டைன் எழுதுவது. உங்கள் சுகத்துக்கு ஆண்டவரை வேண்டுகிறேன்.

வீட்டுக்கு எழுதாமல் போர்ட் சுவெட்டன்ஹாமில் உங்கள் ஆபீசுக்கு எழுதியிருப்பதிலேயே விஷயம் உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

கொஞ்ச நாளாகத் தாகம் அடங்கவில்லை. உடம்பும் இளைக்கிறது. சட்டையால் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் தங்கமணி தெரிந்தவர் என்பதால் போனேன். "கக்கூஸ்ல எறும்பு வருதா அண்ணே?" என்று கேட்டார். வருகிறது என்றேன். அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை. நீரிழிவு. பெரிய டாக்டர், உடனே வந்து படுக்க வேண்டும், தினமும் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். சோறு, சர்க்கரை இரண்டையும் விடச் சொன்னார். இரண்டையும் எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், அவர் வெள்ளைக்காரர், புரியாது.

நான் இன்று ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளைக் காலை வண்டியில் சேதி கிள்ளானுக்கு வந்துவிடும். ரயில்வேக்காரர் வாய் உங்களுக்குத் தெரியாததில்லை. உர்சு படுக்கையில் இருக்க மாட்டாள், முதல் ரயிலில் ஏறிவிடுவாள். இது மூன்றாவது தடவை. அதனால் பிள்ளை பிறக்கட்டும், பிறகு சேருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். எனக்கு ஏதாவது ஆனால் உங்களுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

தங்கள் மாமா,
வாலண்டைன்

*

போர்ட் சுவெட்டன்ஹாம்
11 மே 1934

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் சுகம் இல்லை.

நீங்கள் செய்வது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உர்சுலாவைத் தினமும் பார்க்கிறவன் நான். அவள் இறங்கி நடப்பாள் என்பதும் தெரியும். ஆகையால் சொல்லவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, நேற்றுச் சாப்பிடும்போதே "என்ன, மொகத்த தட்டுக்குள்ள வச்சு சாப்பிடுறீங்க" என்று கேட்டுவிட்டாள். மீனில் முள் என்றேன். நேற்று மீன் இல்லை.

தயவுசெய்து சோற்றை மட்டுமாவது நிறுத்துங்கள்.

மாரிஸ்

*

கிள்ளான்
18 ஜூன் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம், வயிற்றில் இருப்பதும் சுகம், ராத்திரி பகல் பார்க்காமல் உதைக்கிறது. நீங்கள்?

உங்கள் கடிதம் வர வரச் சின்னதாகிறது. முன்பு நாலு பக்கம் எழுதுவீர்கள், அதில் மூன்று பக்கம் நீங்கள் சாப்பிட்டது இருக்கும். போன தபால் கார்டில் நீங்கள் எதையும் சாப்பிடவே இல்லை.

போன வாரம் பவுனம்மாள் அக்கா பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தார்கள். "ஒங்கப்பா என்னா இப்படி எளச்சிட்டாரு" என்றார்கள். நான் பெருமையாக நீளக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். "அவரு அன்னிக்கு வெறும் பனியனோட இல்ல நின்னாரு" என்றார்கள். இவரைக் கேட்டால் வெயில் என்கிறார். நீங்களும் வெயில் என்றுதான் சொல்வீர்கள்.

ஞானஸ்நானத்துக்கு உங்களுக்குப் புதுச் சட்டை தைக்கப் போகிறேன். புதிதாக அளவு எடுத்துக் கயிறு அனுப்புங்கள். பழைய கயிறு என்னிடம் இருக்கிறது, அது வேண்டாம். புதுசு வேண்டும்.

மகள்,
உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூலை 1934

அன்பு மகளுக்கு,

நான் சுகம். கயிறு நாகையாவிடம் கொடுத்திருக்கிறேன். அளவில் பெரிய மாற்றம் இல்லை, வேண்டுமானால் பழையதைவிட ஒரு சுற்றுக் கூடத்தான் இருக்கும். பவுனம்மாள் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை என்றாய். நேற்று நல்லம்மாள் கோழிக் குழம்பு கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

நிறைய எழுத நினைத்து உட்கார்ந்தேன். தூக்கம் வருகிறது. ரயில் மட்டும் ஏறாதே.

அப்பா

*

கிள்ளான்
27 ஆகஸ்ட் 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

பிள்ளையும் நானும் சுகம். தந்தி கிடைத்திருக்கும். பெண். அம்மா பெயரையே வைக்கிறோம், கேத்தரின். நிறம் இவரைப் போல, வயிறு மட்டும் அப்படியே உங்களைப் போல.

தந்தி கிடைத்தும் நீங்கள் வரவில்லை. லீவு இல்லை என்று கார்டு போட்டீர்கள். பார்சல் ஆபீசில் உங்களுக்கு லீவு கிடைக்காமல் இருந்ததே இல்லை.

ஞானஸ்நானத்தை இவ்வளவு நாள் தள்ளுவதா என்று சாமியாருக்குக் கோபம். பேறுகால நாள் கழிந்து நானும் கோயிலுக்கு வர வேண்டும், அப்பாவும் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. அதற்கான சட்டை இதோடு வருகிறது.

கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய புதுக் கயிற்றைப் பழைய கயிற்றோடு வைத்துப் பார்த்தேன். வயிற்று முடிச்சு நாலு விரல் தள்ளியிருந்தது. மார்பும் அப்படியே. முதல் சட்டையில் நான் கூடுதலாக விட்டது அதே நாலு விரல். ஆளை அளந்தால் அப்படி வராது. நீங்கள் கயிற்றை உங்கள் மேல் வைக்கவில்லை, மேசை மேல் சட்டையைப் பரப்பி அதன் மேல் வைத்திருக்கிறீர்கள்.

அன்றைக்கே நாகையா மாமாவை உட்கார வைத்துக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா அவரு இப்ப போடுற பெல்ட்டு எனக்கு சரியா இருக்கு, சட்டையும் சரியா இருக்கும்" என்றார். அவரையே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அளவு எடுத்தேன். ஒல்லியான மனுஷர் என்று நாம் கேலி செய்வோமே, அவர் அளவில்தான் உங்கள் சட்டை. ஜூலையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கேட்டால் நீங்கள் என்னை நினைத்துப் பயப்படுவீர்கள், அதனால் படுத்துக்கொண்டு தைத்தேன். பிள்ளை பிறந்த பிறகுதான் இவரிடம் கேட்டேன். சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள்.

இந்தத் தடவை கோட்டைக் குறுக்கே வைத்திருக்கிறேன். அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்பாவுக்கு என்ன என்று என்னைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
17 செப்டம்பர் 1934

சே. ம. சூ.

அன்பு மகள் உர்சுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் மட்டும் இருக்கிறேன். வயிறு எனக்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டது. நீயும் கேத்தரினும் களைப்பு தீரத் தூங்குங்கள்.

சிஸ்டர் பெர்னடெட் பெரிய படிப்பாளி. உன் அத்தை வாசலிலேயே, "அண்ணே, கொஞ்சம் சத போட்டிருக்கீங்க போல" என்றார்கள். லியனார்ட் இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்பாடா, பழைய ஆள் திரும்பிட்டாரு" என்றார். அவர் பார்த்தது சட்டையை. நானும் கையைக் கொஞ்சம் விரித்து, பழைய மாதிரி நடந்து காட்டினேன். நீ தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் மட்டும் அந்தச் சட்டை பலிக்காது, தைத்தவள் நீ.

சாமியார் தண்ணீர் ஊற்றியபோது பிள்ளையை நான்தான் பிடிப்பேன் என்று வாங்கிக்கொண்டேன். அந்தச் சின்னப் பாரமே தாங்கவில்லை. மாப்பிள்ளை என் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார். நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாதது ஒன்றுதான் குறை.

சாயந்திரம் அவளை மெத்தையில் போட்டாயே, பார்த்தேன். வெள்ளையில் நீலக் கோடு. எனக்கென்று வாங்கிய துணியில் அவள் தூங்குகிறாள். கடைக்காரர் பெரியவர்களுக்கா என்று கேட்டதற்கு அன்றைக்கு நான் ஆமாம் என்று சொன்னது தப்பு.

நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேருகிறேன். தங்கமணி படுக்கை சொல்லி வைத்திருக்கிறார். பிள்ளை பிறந்ததும் சேருகிறேன் என்று மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டு ஏன் சேரவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தந்தி வந்த அன்றைக்கே புறப்பட்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்று நினைவில்லை.

நேற்று கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, என் முதுகில் சட்டையை நீவிவிட்டபடி, "எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்காப்பா?" என்று கேட்டாய். "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டேனா பாரு" என்றேன். எடுத்துக்கொண்டிருந்தேன், கையில்தான் இருந்தது. நீயும் பார்த்தாய்.

நாகையா விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. ஜன்னலில் நின்று கையை ஆட்டினேன். ஏழு மாதமாக ரயில் ஏறாதே ஏறாதே என்று எழுதியவன், வாயைத் திறந்தால் வேறொன்று வந்துவிடும் என்று மூடிக்கொண்டேன்.

இனி ரயில் ஏறி வா, உர்சு.

அப்பா